மெஷினுக்கு ஒரு வழி

கேட்டின் இரண்டு தூண்களுக்கும் நடுவே மறுபடியும் டேப்பை இழுத்துப் பிடித்தார் சடையப்பன். மறுமுனை அவர் மனைவி கலாவதியின் கையில் இருந்தது.

"நேத்து எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவுதான் இருக்கு," என்றாள் கலாவதி. "மழை பெஞ்சா கேட்டு வளரும்னு நெனச்சீங்களா?"

"நீ டேப்பை லூசா விடுறே."

"இறுக்கினா டேப்புதான் அறும். இடம் வராது."

கரும்பு வெட்டும் மெஷின் லாரியை விடக் குண்டு. லாரி நுழைகிற கேட்டில் அது நுழையாது. உரக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டு மெஷினைப் பேசி வைத்திருந்தார் சடையப்பன். அந்தப் பக்கம் பேசிய பெண் பணிவாகவும் கறாராகவும் சொல்லியிருந்தாள்.

"ரோட்டுல இருந்து வயல் வரைக்கும் தடை இல்லாம வழி வேணும் அங்கிள். வழி இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவோம். அப்புறம் உங்களுக்கு சீசன் கடைசியிலதான்."

சீசன் கடைசி என்ற பேச்சே சடையப்பனுக்கு ஆகாது. இத்தனை கூத்துக்கும் காரணமே அதுதான்.

ஃபிஜித் தீவில், லம்பாசாவின் அந்தப் பக்கத்துக் கரும்பை எல்லாம் ஒரே கூட்டம்தான் கத்தியால் வெட்டி லாரியில் ஏற்றும். கூட்டத்துக்கு மேஸ்திரி அபிசாய். ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்த ஃபிஜியர் கிராமத்துக்காரன். அவனும் சடையப்பனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாக அடி வாங்கியவர்கள். ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். மச்சான் முறை என்று வந்துவிட்டால் கேலிக்கு அளவு கிடையாது என்பது ஆற்றின் இரண்டு கரைக்கும் பொதுச் சட்டம்.

போன வருஷம் யார் வயலை முதலில் வெட்டுவது என்று குலுக்கிப் போட்டபோது சடையப்பன் பெயர் கடைசியில் வந்தது. சீசன் முழுக்க அவர், அங்கே உதவி கேட்டுப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோகிற யங்கோனா வேரைக் கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு, 'என் வயலைக் கொஞ்சம் முன்னாடி வெட்டக் கூடாதா' என்று அபிசாய் வீட்டுக்கு நடையாய் நடந்தார். வேரை இடித்துக் கரைத்து எல்லோரும் குடித்தார்கள். வரிசை மட்டும் நகரவில்லை. கடைசியில் மழை பிடித்துக்கொண்டு, லாரி சேற்றில் புதைந்து, மில்லை மூடப்போகிற நேரத்தில்தான் அவர் கரும்பு உள்ளே போனது. அன்றைக்கு அவர் வயலின் நடுவே நின்று கத்தினார்.

"அடுத்த வருஷம் உன் கூட்டத்துல ஒருத்தனும் என் வயல்ல கத்தி வைக்கக் கூடாது! மெஷின் கொண்டாறேன் பாரு. உன் மூஞ்சியில முழிக்காம என் கரும்பு மில்லுக்குப் போகும். இனிமே கரும்பைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே!"

"ஒரு வார்த்தை கூடவா மச்சான்?"

"ஒரு வார்த்தை கூட!"

"சரி மச்சான்."

அபிசாய் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன். அவனிடம் இருந்த ஒரே கெட்ட குணம் அது.

*

கேட்டுத் தூணைப் பிடுங்கிவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் அந்தத் தூணை நட்டவரே சடையப்பன்தான். ஒரு புயலில் பழைய கேட்டு பறந்து போய்ப் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் விழுந்த கோபத்தில், அடுத்த புயல் வந்தாலும் அசையக் கூடாது என்று ஆளுயரக் குழி தோண்டிக் கான்கிரீட்டை வாரி இறைத்திருந்தார். இப்போது தூணில் கயிற்றைக் கட்டி மறுமுனையை வேனில் மாட்டி ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

தூண் அசையவில்லை. வேனின் பம்பர் மட்டும் கழன்று தூணோடு தங்கிவிட்டது.

"மெஷின் உள்ள வர்றதுக்குள்ள வேன் துண்டு துண்டா வெளியே போயிடும் போல இருக்கே," என்றாள் கலாவதி.

"இதுக்கு ஆள் பலம் வேணும்."

"ஆளுக்கு எங்க போவீங்க? நம்ம பையன் ஆக்லாந்துல இருக்கான். அடுத்த வீட்டுப் பசங்க ஆஸ்திரேலியாவுல ஆப்பிள் பறிக்கறாங்க. ஊர்ல மிச்சம் இருக்கறது நீங்க, நான், கோயில் பூசாரி. பூசாரிக்கு இடுப்பு வலி."

சடையப்பன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். பதில் இருவருக்குமே தெரிந்திருந்தது. வெட்டு தொடங்க இன்னும் நாள் இருந்தது. ஊரில் கடப்பாரை தூக்கத் தெம்புள்ள ஆட்கள் சும்மா இருந்தது ஒரே இடத்தில்தான்.

அவர் யங்கோனா வேரைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்.

அபிசாய் வாசலில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தான். வேர்க்கட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா மச்சான், வா வா. இந்த வருஷம் வர மாட்டேன்னு நெனச்சேன்."

"நான் கரும்புக்கு வரல."

"நானும் கேக்கலையே."

"ஒரு கேட்டுத் தூணைப் பிடுங்கணும். அவ்வளவுதான். கரும்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"கேட்டு எதுக்கு இடைஞ்சலா இருக்கு மச்சான்?"

"காத்து வரல."

அபிசாய் ரொம்ப நேரம் தலையை ஆட்டினான். "காத்து வரணும். காத்து முக்கியம்."

மறுநாள் கூட்டத்தோடு வந்து, கலாவதி டீ போடுவதற்குள் இரண்டு தூண்களையும் பிடுங்கிச் சாய்த்துவிட்டார்கள். ரொட்டியும் டின் மீன் கறியும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது அபிசாய் கேட்டு இருந்த இடத்தில் நின்று மேலே பார்த்தான். பார்த்துவிட்டுக் கீழே பார்த்தான். பிறகு மறுபடியும் மேலே பார்த்தான்.

"மேல என்ன?" என்றார் சடையப்பன்.

"ஒண்ணுமில்ல மச்சான். மாமரம் நல்லா இருக்கு. தழைஞ்சு இருக்கு."

அவன் போன பிறகுதான் சடையப்பனுக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய்ப் போன் போட்டார்.

"வழியில ஒரு மாங்கிளை இருக்கும்மா. பரவாயில்லையா?"

"எவ்வளவு உயரம் அங்கிள்?"

"மாங்கா எட்டற உயரம்."

"யாருக்கு எட்டற உயரம்?"

சடையப்பன் ஜன்னல் வழியாக மரத்தை எட்டிப் பார்த்தார். கிளை போக வேண்டும் என்றாள் அந்தப் பெண்.

ஒரு கிளைக்காக இன்னொரு தடவை ஆற்றைக் கடக்க அவர் தயாராக இல்லை. தானே ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். கிளை எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு, அந்தப் பக்கம் கயிறு கட்டி, கோழிகளை விரட்டிவிட்டு அறுத்தார். கிளை முறிந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு நேர் எதிர்ப்பக்கம் விழுந்தது. அங்கே கலாவதியின் சமையல்கட்டு இருந்தது. வீட்டை விட்டுத் தள்ளி, தகரக் கூரை போட்ட தனிக் கட்டு.

கலாவதி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். தலையில் ஒரு மாவிலை இருந்தது.

"கிளை எந்தப் பக்கம் விழும்னு பாக்கலையா நீங்க?"

"நான் பாத்தேன். அது பாக்கல."

"பருப்புக்குள்ள வானம் தெரியுது!"

"கூரையை நிமித்திடலாம் கலா. ஒரு நாள் வேலை."

அந்த ஒரு நாள் வேலையைத் தொடங்குவதற்காக முற்றத்தில் நின்று பார்த்தபோதுதான் அடுத்த சங்கதி புலப்பட்டது. கேட்டு வழியாக நுழையும் மெஷின் முற்றத்தில் வலப்பக்கம் திரும்பித்தான் வயலுக்குப் போக வேண்டும். திருப்பத்தில் ஒரு பக்கம் மூங்கில் கம்பத்தில் அனுமார் கொடி பறந்துகொண்டிருந்தது. மறுபக்கம் சமையல்கட்டு. இரண்டுக்கும் நடுவே லாரியே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

"கொடியைத் தொட முடியாது," என்றார் சடையப்பன்.

கலாவதி அவரையே பார்த்தாள். "நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு புரியுது. வாயால சொல்லுங்க பார்ப்போம்."

"கூரை ஏற்கெனவே போயிடுச்சு..."

"சொல்லுங்க."

"சுவரும் பழசு..."

"நான் ஒண்ணு கேக்கறேன். அந்த மெஷின் கரும்பு வெட்ட வருதா, இல்ல இங்க குடித்தனம் பண்ண வருதா?"

"கலா, போன வருஷம் நான் எத்தனை தடவை அவன் வாசல்ல போய் உக்காந்தேன்? அறுபதை நெருங்கற மனுஷன், என் கரும்பை வெட்டுங்கன்னு கெஞ்சினேன். இந்த வருஷம் அது நடக்கக் கூடாது. வீடே போனாலும் சரி."

கலாவதி தலையிலிருந்த மாவிலையை எடுத்துப் போட்டாள்.

"புதுக் கட்டு சிமெண்டுல வேணும். ஆத்தைப் பாத்து ஜன்னல். நின்னுகிட்டே சமைக்கற மாதிரி மேடை. குழாய் உள்ளேயே வரணும்."

"கட்டித் தர்றேன்."

"கொடியைப் பாத்துச் சொல்லுங்க."

சடையப்பன் கொடியைப் பார்த்துச் சொன்னார்.

"அப்போ எதுக்கு நிக்கறீங்க?" என்றாள் கலாவதி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. "மொதல்ல என் பாத்திரத்தை எல்லாம் வெளியே எடுங்க. அப்புறம் போய் ஆளைக் கூட்டிக்கிட்டு வாங்க."

*

இரண்டாவது வேர்க்கட்டோடு ஆற்றைக் கடந்தார்.

"இப்போ என்ன மச்சான்? மறுபடியும் காத்து வரலையா?"

"சமையல்கட்டை இடிக்கணும்."

அபிசாயின் கூட்டத்தில் இருந்த யாரோ இருமினார்கள். அபிசாய் மட்டும் சிரிக்கவில்லை. "தங்கச்சிக்குத் தெரியுமா?"

"அவதான் அனுப்பினா."

"கட்டை எடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பினா, அடுத்தது குளியலறை மூலை இடிக்குமே மச்சான்."

"எது இடிக்கும்?"

"காத்து," என்றான் அபிசாய் அவசரமாக. "காத்து இடிக்கும்."

சமையல்கட்டு போயிற்று. குளியலறை மூலை போயிற்று. மூலை இல்லாமல் நிற்க மாட்டேன் என்று மீதிக் குளியலறையும் தானாகவே உட்கார்ந்துகொண்டது. கலாவதி முற்றத்தில் மூன்று கல் வைத்து எல்லோருக்கும் சமைத்தாள். குளிக்க இருவரும் ஓடைக்குப் போனார்கள். "கல்யாணமான புதுசுல இப்படிக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றாள் கலாவதி. சடையப்பன் சோப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டார்.

இடித்த அன்று சாயங்காலம் அபிசாய் தனியாக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"மச்சான், அந்த மெஷினைப் பத்தி ஒரு விஷயம் உங்கிட்டச் சொல்லிடணும்னு..."

"பேசாதே."

"கரும்பு இல்ல மச்சான். மெஷினு."

"மெஷினும் கரும்பும் ஒண்ணுதான். மெஷின் மண்ணை அமுக்கிடும், வேரைக் கிழிச்சிடும், வெட்டின கட்டையிலருந்து மறுதாம்பு சரியா வராதுன்னு சொல்லப் போறே. எல்லாம் கேட்டாச்சு. நான் முடிவு பண்ணிட்டேன்."

"அதில்ல மச்சான்..."

"வாக்கு குடுத்தியா இல்லையா?"

அபிசாய் கையிலிருந்த மண்ணைத் தட்டினான். "குடுத்தேன்," என்று எழுந்து போனான்.

அடுத்தது ஓடைப் பாலம். தென்னந்தடிகளை அடுக்கி மண் போட்ட பாலம். லாரி போகும்போது டிரைவர் சாமி பெயரைச் சொல்வார். லாரியை விடக் கனமான மெஷினுக்கு எந்தச் சாமி பெயரும் போதாது. கீழே கல் போட்டு நிரப்பியாக வேண்டும் என்று தெரிந்தது. கல்லுக்கு எங்கே போவது என்று திகைத்தபோது போன் பெண் வழி சொன்னாள்.

"வயல்ல கல்லு இருக்கா அங்கிள்? இருந்தா பொறுக்கிடுங்க. மெஷின் பிளேடு கல்லுல பட்டா உடைஞ்சிடும்."

வயலில் கல் நிறைய இருந்தது. வயலைப் பார்த்தால் கல்லை நட்டு நடுவில் கரும்பு முளைத்த மாதிரி இருக்கும். மூன்றாவது வேர்க்கட்டு போயிற்று. கூட்டம் கரும்பு வரிசைகளுக்குள் குனிந்து நுழைந்து கல்லைப் பொறுக்கிப் பாலத்தடியில் கொட்டியது. கரும்புச் சோகை கையையும் முகத்தையும் கீறியது. கரும்பை வெட்டுவதை விட அது கஷ்டமான வேலை என்று ஒருவன் முணுமுணுத்தான். "கரும்பு பேச்சு வேண்டாம்," என்று அபிசாய் அவனை அதட்டினான்.

எல்லாம் முடிந்தது என்று சடையப்பன் நிம்மதியாகத் துண்டால் முகம் துடைத்த நாளில் போன் வந்தது.

"அங்கிள், வரிசை கடைசியில மெஷின் திரும்ப இடம் விட்டிருக்கீங்களா?"

"வேலி வரைக்கும் கரும்புதான்மா."

"அப்போ ரெண்டு முனையிலயும் கொஞ்சம் கரும்பைக் கையால வெட்டி எடுத்துடுங்க. இல்லன்னா மெஷின் உள்ள போகும், வெளிய வராது."

சடையப்பன் போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கலாவதி அவருக்கு ஒரு டம்ளர் டீயும், கேட்காமலே ஒரு வேர்க்கட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

அபிசாயின் வாசலில் அன்றைக்குக் கூட்டம் முழுவதும் இருந்தது. சடையப்பன் தொண்டையைக் கனைத்தார்.

"வேலியோரமா கொஞ்சம் புல்லு வெட்டணும்."

"புல்லா?" என்றான் அபிசாய். "எந்தப் புல்லு மச்சான்?"

"அந்த... உசரமா இருக்குமே."

"எவ்வளவு உசரம்?"

"ஆளை விட உசரம்."

"அடேயப்பா. பெரிய புல்லுதான். கணு கணுவா இருக்குமா?"

"இருக்கும்."

"கடிச்சா தித்திக்குமா மச்சான்?"

கூட்டம் அதற்கு மேல் தாங்கவில்லை. ஒருவன் பாயில் புரண்டான். சடையப்பனுக்குக் காது வரை சிவந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. இத்தனை தூரம் வந்தபிறகு, சமையல்கட்டும் குளியலறையும் போனபிறகு, ஒரு சிரிப்புக்குப் பயந்து திரும்புகிற ஆள் அவர் இல்லை.

"தித்திக்கும்," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "வெட்டுவியா, மாட்டியா?"

"மச்சான் வீட்டுப் புல்லை வெட்டாம வேற யார் வீட்டுப் புல்லை வெட்டப் போறேன்?"

புல் வெட்டி முடித்த சாயங்காலம், வயலோரத்தில் பாய் விரித்து யங்கோனா கரைத்தார்கள். கத்திகள் வரிசையாக மரத்தில் சாய்ந்திருந்தன. சடையப்பன் அவற்றைப் பார்த்தார். இந்த ஆட்களை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும். யார் மகள் நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள், யார் வீட்டுக் கூரை புயலில் போனது என்பது வரை தெரியும். மெஷின் அவர் வயலில் காலூன்றிவிட்டால் அடுத்தது பக்கத்து வயல், அதற்கடுத்தது அதற்கும் பக்கத்து வயல். அப்புறம் இந்தக் கத்திகளால் தேங்காய்தான் வெட்டலாம்.

"அபிசாய்," என்றார் மெதுவாக. "மெஷின் வந்தப்புறம் உங்க ஆளுங்க எல்லாம் என்ன செய்வீங்க?"

அபிசாய் யங்கோனா ஊற்றிய தேங்காய்ச் சிரட்டையை அவரிடம் நீட்டினான். "அது கரும்பு பேச்சு மச்சான். குடி."

சடையப்பன் ஒரே மூச்சில் குடித்தார். யங்கோனா என்றைக்கும் கசப்புதான். அன்றைக்கு உள்ளே போன பிறகும் கசந்தது.

*

மெஷின் வந்த நாளில் ஊரே ரோட்டில் நின்றது. சங்கிலிச் சக்கரமும், கூரான மூக்கும், பின்னால் தூக்கிய வாலுமாக, வீடு ஒன்று எழுந்து நடந்து வருவது போல வந்தது. கேட்டு இருந்த இடத்தில் நுழைந்தது. மாங்கிளை இருந்த இடத்தைக் கடந்தது. சமையல்கட்டும் குளியலறையும் இருந்த இடத்தில் அனாயாசமாகத் திரும்பியது. கொடிக் கம்பம் ஒரு நடுக்கம் நடுங்கி நின்றது. பாலத்தின் மேல் அது ஏறியபோது சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மெஷின் அந்தப் பக்கம் இருந்தது.

"போயிடுச்சு கலா!" என்று கத்தினார். "போயிடுச்சு!"

"என் கட்டு மேலயே ஏறிப் போச்சு," என்றாள் கலாவதி. ஆனால் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மெஷின் வரிசைக்குள் மூக்கை நுழைத்தது. கரும்பு சாய்ந்தது, உள்ளே போயிற்று, துண்டு துண்டாகப் பக்கத்தில் ஊர்ந்த லாரியில் கொட்டியது. சோகை பின்னால் பஞ்சு மாதிரி பறந்தது. பத்துப் பேர் ஒரு வாரம் குனிந்து நிமிர்கிற வேலை, டீ ஆறுவதற்குள் நடந்துகொண்டிருந்தது. சடையப்பன் நாற்காலியைக் கொண்டுவந்து வரப்பில் போட்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

அபிசாயும் கூட்டமும் வந்திருந்தார்கள். அபிசாய் சும்மா நிற்கவில்லை. மெஷின் திரும்பும்போதெல்லாம் கூடவே நடந்தான். சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். காதை வைத்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டான். ஒரு தடவை மண்டி போட்டு அடியில் எட்டிப் பார்த்தான்.

"பாவம்," என்றார் சடையப்பன் மனைவியிடம். "எதிரியை அளவெடுக்கறான்."

திடீரென்று அபிசாய் இரண்டு கையையும் தூக்கி, "நிறுத்து!" என்று கத்தினான். மெஷின் அந்த இடத்திலேயே நின்றது. சடையப்பன் நாற்காலியிலிருந்து குதித்து ஓடினார்.

"நான் பேசி வைச்ச மெஷினை நிறுத்த நீ யாருடா?"

அபிசாய் வரிசைக்குள் குனிந்து, பிளேடுக்கு ஒரு சாண் முன்னால் கிடந்த கல்லைப் புரட்டி எடுத்தான். பூசணிக்காய் அளவு இருந்தது.

"மன்னிச்சுக்கோ மச்சான்," என்றான். "கை பழக்கம்."

சடையப்பனுக்குக் கூச்சமாகப் போயிற்று. தன் பிழைப்பைக் கெடுக்க வந்த மெஷினைக் காப்பாற்றுகிற மனுஷனை என்ன சொல்வது? திரும்பி வந்து உட்கார்ந்தார். கால் மேல் கால் மட்டும் போடவில்லை.

பொழுது சாய்வதற்குள் வயல் மொட்டையாகிவிட்டது. கடைசி லாரி மில்லுக்குக் கிளம்பியது. முற்றத்தில், திறந்த வானத்துக்குக் கீழே, கலாவதி கோழிக் கறியும் ரொட்டியும் மரவள்ளிக் கிழங்கும் எடுத்து வைத்தாள். மெஷின் டிரைவர் இறங்கி வந்தான். சேயாங்காங்கா பக்கத்து ஆள், ராம்நரேஷ் என்று பெயர். நரைத்த மீசை, காதெல்லாம் கரும்புத் தூசி.

சடையப்பன் அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

"நீதான் மொதல்ல சாப்பிடணும் தம்பி. நீ இன்னைக்கு என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியாது. போன வருஷம் பூரா நான் ஒருத்தன் வாசல்ல போய் நின்னேன். இனிமே நிக்க வேண்டாம். அந்தப் புண்ணியம் உன்னுது."

ராம்நரேஷ் தட்டைத் தொடாமல் எழுந்து நின்றான். "மொதலாளி சாப்பிடாம நான் எப்படிண்ணே கை வைக்கறது?"

சடையப்பன் நெஞ்சு நிறைந்துவிட்டது. வாழ்நாளில் அவரை யாரும் முதலாளி என்று சொன்னதில்லை. கலாவதி காதில் விழுந்ததா என்று ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"பரவாயில்ல தம்பி, நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன். நீ உக்காரு."

"ஐயோ, உங்களைச் சொல்லலண்ணே," என்றான் ராம்நரேஷ். தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்த அபிசாயைக் கண்ணால் காட்டினான். "மெஷினை வாங்கின மொதலாளி அதோ நிக்கறாரு பாருங்க, இத்தனை நாளா வழிக்காக உங்க வீட்டை இடிச்சுக்கிட்டு இருந்தாரே, அவருதான்."